றாஹிலாவின் உடம்பில் ஏறாத ஊசிகள்

"இண்டைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச கையோட நான் பொலிசுக்குப் போறன். அதுக்கு முதல் நீங்க என்னத்தையாவது கண்டுபிடிச்சாச் சரி. பிடிக்காட்டியும் சரி" என்றார் மீராசா ஹாஜியார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அதை, மழை வந்தாலும் வரும் என்பதுபோலச் சொன்னார். மனைவியை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாய்ந்தமருதில் அவ்வளவு பெரிய வீட்டில், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாற்றிப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. பொத்தானைச் சரியாகப் பூட்டுங்கள் என்று சொல்ல ஆளில்லை. நானும் சொல்லவில்லை.

என் பெயர் முனாப். கல்முனைப் பஸாரில் தையல்கடைக்கு மேலே 'ஜவுபர் - தனியார் விசாரணை' என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அதில் விசாரணை முழுவதும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் ஜவுபருடையது. நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவேன், பசிக்கிறது என்று சொல்வேன், இடைக்கிடை பகிடி விடுவேன். எண்பத்தாறாம் ஆண்டில் கல்முனையில் பகிடி விடுவது லேசான தொழில் இல்லை. போன வருசத் தமிழ் - முஸ்லிம் பிரச்சினைக்குப் பிறகு சிரிக்கிறவனை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது.

"பிரச்சினை என்ன எண்டு ஆறுதலாச் சொல்லுங்க" என்றார் காக்கா, வாயில் கராம்பை ஒதுக்கிக்கொண்டு.

பிரச்சினை இதுதான். ஹாஜியாரின் மனைவி றாஹிலா கடற்கரை றோட்டில் இருக்கும் ஸலாமா நர்ஸிங் ஹோமில் படுத்திருந்தார். ஹாஜியார் கொழும்பிலிருந்து, சதையில் போடும் விலை கூடிய ஊசி மருந்து வரவழைத்தார். காலையும் மாலையும் ஊசி என்று பில்லில் ஏறிக்கொண்டே வந்தது. றாஹிலா மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்யும் அட்டெண்டன் ஒருவன் வந்து, ஊசியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு நர்ஸ் மிஸ்ஸி றாஹிலாவின் அறையை விட்டு வெளியே போனதைப் பல தடவை கண்டேன் என்று ஹாஜியாரின் காதில் ஓதியிருக்கிறான்.

"மருந்தை எடுத்து வித்திரிக்காள். எனக்குப் பில்லு, அவளுக்குக் காசு, என்ட பெண்சாதிக்கு மௌத்து. பேர் கனகேஸ்வரி. பாண்டிருப்புக்காரி."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் வில்லங்கம் இருந்தது, பாண்டிருப்பு தமிழ் ஊர். ஹாஜியாரின் அரிசி மில் போன வருசம் எரிந்தது. யார் எரித்தார்கள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஜும்ஆவுக்கு வந்த சனத்தின் முன்னால், ஒரு தமிழ் மிஸ்ஸி ஹாஜியாரின் மனைவியைக் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு ஒரு தடவை வெளியே வந்தால், அது பொலிசோடு நிற்காது. பாண்டிருப்பு வரைக்கும் போகும். அந்தப் பெண்ணின் வாசல் வரைக்கும் போகும்.

மூலையில் ஒரு துணிப்பை கிடந்தது. பக்கத்தில் மூன்று தட்டுச் சாப்பாட்டுக் கரியர் ஒன்று.

"மையித்தோட வந்த சாமான். ஆரும் தொடல்ல" என்றார் ஹாஜியார்.

"கரியர நான் கொண்டு போகட்டா?" என்று காக்கா கேட்டார்.

"கொண்டு போங்க. இனி இங்க ஆருக்குச் சோறு கட்டிற."

*

கரியரை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினேன். புறப்பட்டதிலிருந்து அது கடகடவென்று ஒரே சத்தம். ஒரு தட்டு மற்றத் தட்டில் சரியாக உட்காரவில்லை. ரப்பர் டியூபால் இறுக்கியும் அடங்கவில்லை.

"காக்கா, நாம துப்பறியப் போறமா, ஐஸ்கிறீம் விக்கப் போறமா? ஊரே வாசலுக்கு வருது."

"சத்தம் நல்லம். கேட்டுக்கொண்டே வா" என்றார் அவர்.

முதலில் போனது சபூறா ராத்தாவின் வீட்டுக்கு. ஊரில் பெண்கள் மௌத்தானால், அடக்கம் செய்ய முதல் மையித்தைக் குளிப்பாட்டுவது அவர்தான். கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் நாங்கள்.

"ராத்தா, றாஹிலாட மையித்த நீங்கதானே குளிப்பாட்டினீங்க?"

"ஓம். ஆனா நீங்க கேக்க வந்ததக் கேக்காதீங்க. மையித்தில கண்டது மையித்தோட போகணும். வெளிய சொன்னா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

எனக்கு அத்தோடு கதவு சாத்திய மாதிரித்தான். குளிப்பாட்டுகிறவர் வாய் திறக்க மாட்டார். அது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. ஆனால் காக்கா திண்ணென்று நின்றார்.

"நீங்க கண்டத நான் கேக்கல்ல, ராத்தா. காணாததச் சொல்லுங்க."

ஒரு கோழி எங்கள் காலடியில் மேய்ந்துவிட்டுப் போனது.

"இது அவட மானத்துக்குக் கேடா?" என்று ராத்தா கேட்டார்.

"இல்ல. உசிரோட இருக்கிற ஒரு பொம்பிளட மானம் இதில தொங்குது."

"நான் காணாதது எத்தினையோ இரிக்கி" என்றார் ராத்தா மெதுவாக. "கழுத்தில சங்கிலி காணல்ல. கையில வளையல் காணல்ல. சேலைன் போட்ட கையில ஒரு தழும்பு. அத விட்டா ஊசி குத்தின தடம் ஒண்டும் உடம்பில எங்கயும் காணல்ல. போயிட்டு வாங்க."

றோட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "முடிஞ்சிது காக்கா. பில்லில ஏறின ஊசி உடம்பில ஏறல்ல. ஹாஜியார் சொன்னதுதான் சரி. வாங்க, சோறு தின்னப் போவம்."

"ஓம். ஹாஜியார் சொன்னதில பாதி சரி" என்றார் காக்கா. "வண்டிய நர்ஸிங் ஹோமுக்கு விடு."

*

ஸலாமா நர்ஸிங் ஹோமின் சொந்தக்காரர் டொக்டர் அப்துல் ஸமட், எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே காசைப் பற்றிக் கதைத்தார்.

"அந்த ஊசிக் காசு முழுக்கவும் பில்லில கழிச்சி விடுறன். மிஸ்ஸிய வேலையால நிப்பாட்டுறன். விசயம் இதோட போகட்டும். என்ட இடத்துக்குக் கெட்ட பேர் வேணாம், ஜவுபர்."

"மிஸ்ஸி எடுத்தத நீங்க கண்டீங்களா?"

"நான் காணல்ல. காணாம என்னத்தச் சொல்ல."

"இண்டைக்கு எல்லாரும் காணாததத்தான் சொல்றாங்க" என்றேன் நான். டொக்டர் சிரிக்கவில்லை.

கனகேஸ்வரி மருந்து அறையில் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். எங்களைக் கண்டதும் பயப்படவுமில்லை, வரவேற்கவுமில்லை. பரீட்சை எழுதி முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் முகம்.

"மிஸ்ஸி, ஹாஜியார் வாங்கின மருந்துப் போத்தல் எங்க?" என்று காக்கா கேட்டார்.

அந்த நர்ஸிங் ஹோமில் ஒரு வழக்கம் இருந்தது. பில் தீர்க்கும்வரை வெறும் போத்தல்களை எறிய மாட்டார்கள். நோயாளியின் வீட்டார் சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டுவதற்காக. கனகேஸ்வரி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் வைத்தார். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். காக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, ரப்பர் மூடியைப் பார்த்தார். ஒவ்வொரு மூடியிலும் ஊசி இறங்கிய சின்ன ஓட்டை.

"முனாப், நீ கள்ளன் எண்டு வை."

"வைக்கத் தேவையில்ல, சம்பளம் தராட்டி ஆயிருவன்."

"இந்த மருந்த வித்துக் காசாக்கணும். எப்படி விப்பாய்?"

"முழுப் போத்தலா விப்பன். வெறும் போத்தல ஆர் வாங்குவா, பூ வைக்கவா?"

"அதான். விக்கிறவன் மூடியில கை வைக்க மாட்டான். இதெல்லாத்திலயும் ஊசி இறங்கியிருக்கு. மருந்து ஊசிக்குள்ள போயிருக்கு. றாஹிலாட உடம்புக்குள்ள போகல்ல." காக்கா கனகேஸ்வரியைப் பார்த்தார். "அப்ப ஆருக்குப் போட்டீங்க, மிஸ்ஸி?"

கனகேஸ்வரி டின்னை மூடினார்.

"நான் எடுத்தன் எண்டு எழுதுங்க, சேர்."

"விக்கல்ல எண்டு இப்பத்தான் நிரூபிச்சன். திரும்ப உங்களையே மாட்டிக்கொள்றீங்களே?"

"ஒரு மனுசிக்கு வாக்குக் குடுத்திருக்கன். அவ செத்தாலும் வாக்குச் சாகல்லத்தானே. அதுக்கு மேல கேக்காதீங்க. சொன்னா பிரச்சினை எனக்கு மட்டும் வராது, இன்னொரு ஆளுக்கும் வரும்."

அந்தப் பெண் தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், சுருக்குப் போடுவது யார் என்பதில்கூட அவளுக்கு அக்கறை இல்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லலாம். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இந்த வருசம் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள்.

*

வெளியே வேப்பமர நிழலில் நான் கரியரின் கொக்கியைக் கழற்றினேன். பசியில் செய்த வேலை அது, துப்பறியும் நோக்கம் ஒன்றும் இல்லை.

மேல்தட்டு வெறுமை. கீழ்த்தட்டு வெறுமை. நடுத்தட்டைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினேன். பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்துப்போன ஏதோ ஒன்று.

"காக்கா, கொலைகாரனப் பிடிச்சிட்டன். இதத் தின்ன எந்த மனிசனும் தப்பேலாது."

காக்கா குனிந்து பார்த்தார். ஒரு குச்சியால் கிண்டினார். பூஞ்சணத்துக்குக் கீழே சர்க்கரையும் நெய்யும் மணத்தன. முந்திரிகை வற்றல், கச்சான் கடலை, ஏலக்காய்.

"சர்க்கரைப் புக்கை" என்றார். சர்க்கரைப் பொங்கலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"ஹாஜியார்ட வீட்டில புக்கை பொங்குவாங்களா?"

"பொங்க மாட்டாங்க. இந்தத் தட்டும் ஹாஜியார்ட வீட்டுத் தட்டு இல்ல." நடுத்தட்டை எடுத்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். மற்ற இரண்டின் விளிம்பும் தடிப்பு. இதன் விளிம்பு மெல்லியது. "காலையில இருந்து உன்ன எரிச்சல்படுத்தின சத்தம் இதுதான்."

வெறும் பாத்திரத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இந்தக் கரையில் அது ஒன்றுதான். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்படியானால் றாஹிலா தன் தட்டில் சாப்பாடு வைத்து யாருக்கோ கொடுத்திருக்கிறார். அவர்கள் திருப்பி அனுப்பும்போது தட்டு மாறிப்போயிருக்கிறது.

"சும்மா நாளில ஆர் இவ்வளவு நெய் ஊத்துவா?" என்றார் காக்கா. "இது நேத்திக்கடன் பொங்கல். நினைச்சது நடந்தாத்தான் பொங்குவாங்க. பொங்கினத நர்ஸிங் ஹோமுக்கு அனுப்புறதெண்டா நடந்த காரியம் என்ன?"

"ஆரோ இங்க இருந்து சுகமாகிப் போயிருக்காங்க!"

"பசியிலதான் உனக்கு மூள வேலை செய்யுது. இனிச் சோறு தாறதில்ல."

உள்ளே போய் டொக்டரிடம் ஒரு கேள்விதான் கேட்டோம்: இங்கிருந்து சுகமாகிப் போன தமிழ் ஆள் யார்? பிரச்சினைக்குப் பிறகு அந்த நர்ஸிங் ஹோமுக்கு வந்த தமிழ் நோயாளி ஒரே ஒருத்தி. காரைதீவு அழகரெத்தினத்தின் மனைவி தங்கரத்தினம். பிள்ளை பெற்ற காய்ச்சல், இரத்தத்தில் கிருமி. நல்ல மருந்து வாங்க, வயல் செய்யும் அந்தக் கமக்காரனுக்கு வசதியில்லை. குளிசை மாத்திரைதான் கொடுத்தோம், தப்பமாட்டாள் என்றுதான் நினைத்தோம் என்றார் டொக்டர்.

"தப்பிட்டா. ஆண்டவன்ட கிருபை."

"கிருபை எந்த வழியால வந்தது எண்டு பார்த்திட்டு வாறம்" என்றார் காக்கா.

*

காரைதீவுக்குள் முஸ்லிம் ஆட்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு வருசமாகிறது. சந்தியில் நின்ற பொடியன்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் கரியரை உயர்த்திக் காட்டினேன். என்ன நினைத்தார்களோ, வழி விட்டார்கள். சாப்பாட்டுக் கரியரோடு சண்டைக்கு வருகிறவன் எந்த ஊரிலும் இல்லை.

தங்கரத்தினம் மெலிந்து, கண் குழி விழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தாள். என் கையிலிருந்த கரியரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"றாஹிலாக்காட கரியர்! எங்கட வீட்டுக்காரர்ட வேலையப் பாருங்க, அவட தட்ட வீட்டில வச்சிப்போட்டு எங்கட தட்டில புக்கையக் குடுத்திட்டு வந்திட்டார். ஆம்பிளையளுக்குத் தட்டு எல்லாம் ஒண்டுதான். அக்கா புக்கை சாப்பிட்டவவா? கோயிலுக்குப் படைச்சது இல்ல எண்டு சொல்லுங்க. நேத்திக்கடனுக்கு ஒரு பானை, அவவுக்கு வேற பானை வச்சித்தான் பொங்கினனான். அக்கா எப்படி இருக்கா?"

பகிடிக்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். கரியரைத் திண்ணையில் இறக்கி வைத்தேன். காக்காதான் சொன்னார்.

"மௌத்தாயிட்டா, பிள்ள. நீங்க புக்கை அனுப்பின அண்டு ராத்திரி."

தங்கரத்தினம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகைத் தடவிக்கொண்டு கதைத்தாள். அதுவும் எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"எதிர் அறை அவட. தன்ட சாப்பாட்ட எனக்கு அனுப்புவா. ஒரு நாள் சுவரப் பிடிச்சிப் பிடிச்சி வந்தா. எனக்குக் காய்ச்சல் கொதிக்குது. மிஸ்ஸியக் கூப்பிட்டு, 'என்ட ஊசிய இவளுக்குப் போடு' எண்டா. மிஸ்ஸி மாட்டன் எண்டுதான் நிண்டவ. பில்லுக்கு நான் என்ன சொல்ற எண்டு கேட்டவ."

"என்ன சொன்னா?"

"'டொக்டர் எனக்கு ஒளிச்சாலும் என்ட உடம்பு எனக்கு ஒளிக்கல்ல. எனக்கு இது தண்ணி, இவளுக்கு மருந்து. பில்லு என்ட பேரிலயே இருக்கட்டும். அந்த மனிசன் பின்னேரம் வந்து, ஊசி போட்டாச்சா எண்டு கேப்பாரு. போட்டாச்சி எண்டு சொன்னாத்தான் வீட்ட போய் ஒரு வாய் சோறு திம்பாரு. மருந்து நிண்டு போச்செண்டு அவருக்குத் தெரியப்படாது' எண்டு மிஸ்ஸிட கையப் பிடிச்சிச் சத்தியம் வாங்கினவ."

புறப்படும்போது றாஹிலாவின் தட்டைக் கழுவி எடுத்து வந்தாள். கொடுக்கப் போனவள் நிறுத்திவிட்டாள். வெறுமையாகக் கொடுக்க முடியாது. செத்த வீட்டுக்கு இனிப்பும் கொடுக்க முடியாது. அங்கும் இங்கும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புது நெல்லுக் குத்திய அரிசியில் ஒரு பிடி போட்டுக்கொண்டு வந்தாள்.

"இது களவா, காக்கா?" என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"பில் பொய். ஊசி மெய். நான் காப்புறுதிக் கம்பெனிக்கு விசாரிச்ச காலத்தில இப்படி ஒரு கேசு வந்ததில்ல." கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார்: "ஹாஜியார்ட்ட உள்ளத உள்ளபடி சொல்லுவம். மறைச்சா மிஸ்ஸி அநியாயமா மாட்டிக்கொள்ளுவா."

"சொன்னா? மில் எரிஞ்ச மனிசன். ஊசி போனது காரைதீவுக்கு."

காக்கா வாயிலிருந்த கராம்பைத் துப்பினார்.

*

பள்ளியில் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஹாஜியார் உடுத்துத் தொப்பியும் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். காக்கா எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஊரின் பெயரையும் சொன்னார்.

நான் வாசலைப் பார்த்து நின்றேன், ஓட வேண்டி வந்தால் ஓடுவதற்கு.

ஹாஜியார் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"டொக்டர் ஸமட் எனக்கு முதலே சொன்னவரு" என்றார்.

"என்னத்த?"

"இது இனி மருந்துக்கு மசியாது எண்டு. ஊசிய நிப்பாட்டுவமா எண்டு கேட்டாரு. நான்தான் நிப்பாட்ட வேணாம் எண்ட. நிப்பாட்டினா அவ விளங்கிக்கிருவா. ஊசி போடுற வரைக்கும், சுகமாகும் எண்டு நினைச்சிக்கிட்டுக் கிடப்பா எண்டு நினைச்சன்."

அவர் மனைவிக்காக ஊசி வாங்கியிருக்கிறார். மனைவி அவருக்காகப் பில்லில் தன் பெயரை விட்டுவைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். பின்னேரம் பின்னேரம் எதிரெதிரே இருந்து, போட்டாச்சா, போட்டாச்சி என்று கதைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சிருந்தும் பழிய மிஸ்ஸிட கழுத்தில ஏன் போட்டீங்க, ஹாஜியார்?" என்று காக்கா கேட்டார். அவர் குரலில் நான் கோபம் கேட்டது அன்றைக்குத்தான்.

"இந்த மௌத்து ஆராவது ஒராள் செஞ்சதா இருந்தா நல்லம் போல இருந்திச்சி" என்றார் ஹாஜியார். "பாவம் பிடிச்ச நினைப்புத்தான். அந்தப் பிள்ளைக்கிட்ட நானே போய்ச் சொல்றன். வேலையால நிப்பாட்டினா ஸமட்டோடயும் கதைக்கிறன்."

"டொக்டர் அந்த ஊசிக் காசக் கழிச்சித் தாறதாச் சொல்றாரு" என்றேன்.

"வேணாம். ஒரு சதமும் கழிக்க வேணாம். பில்லு உள்ள மாதிரியே இரிக்கட்டும்." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "அதெல்லாம் அவ போட்டுக்கிட்ட ஊசிதான்."

காக்கா றாஹிலாவின் தட்டைக் கொடுத்தார். ஹாஜியார் அரிசியை விரலால் அளைந்து பார்த்துவிட்டு ஒரு கடதாசியில் கொட்டி மடித்து வைத்தார். தட்டை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கொக்கியை மாட்டி, கரியரைத் தூக்கி அசைத்தார். சத்தம் வரவில்லை.

பிறகு தங்கரத்தினத்தின் தட்டைக் கையில் எடுத்தார். பூஞ்சணம் பிடித்த புக்கையை அவளுக்குக் காட்ட மனமில்லாமல், அதை அங்கே விடாமல் வழியில் கழுவிக் கொண்டுவந்திருந்தோம். அதை வைத்துக்கொண்டு எழும்பினார். குசினி வாசல்வரை போனார். அங்கே நின்று ஒரு அலுமாரியைத் திறந்தார், மூடினார். ஒரு டின்னைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார். வெளியே பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது.

"தம்பி முனாப்" என்று கூப்பிட்டார். "இத நீதான் காரைதீவுக்குக் கொண்டு போகணும். வெறும் தட்டக் குடுக்கேலாது. கொஞ்சம் இங்க வா. இந்த வீட்டில சீனி எங்க இரிக்கி எண்டு எனக்குத் தெரியாது."